நடக்கும் மகளும் நிற்காத அப்பாவும்

நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டியபோது கண்ணாடிக்கடைக்காரரின் கையில் ஓர் ஈரத் துண்டு இருந்தது. அந்தத் துண்டால் அப்போதுதான் அவர் தன் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார். மகள் அந்த நேரத்தில் நடைப் பந்தயத்தின் எட்டாவது சுற்றில், எல்லோருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

"வெளியாள் உதவி. போட்டியிலேருந்து நீக்கம்," என்றார் நடுவர்.

"வெளியாளா? யார் சார் வெளியாள்? நான் அவ அப்பா!"

"தெரியுது சார்."

"பெத்த அப்பன் பொண்ணு மூஞ்சியைத் துடைக்கக்கூடாதா?"

"தாராளமா துடைக்கலாம். வீட்ல."

பதினைந்து வயதுக்கு மகளிடம் பொறுமை அதிகம். சட்டையில் குத்தியிருந்த எண் துணியைக் கழற்றினாள். நான்கு ஊக்குகளையும் ஒவ்வொன்றாக மூடி அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

நடைப் பந்தயம் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று ஆடிக்கொண்டே போவார்கள். ஆனால் நடக்கிறவர்களுக்கு அது சிரிப்பில்லை. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக்கூடாது. ஓடு ஓடு என்று உடம்பு கெஞ்சும். ஓடினால் அட்டை.

இந்தச் சட்டதிட்டமெல்லாம் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். சுவரிலிருக்கும் எழுத்து அட்டையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போதே இவர் ஆரம்பித்துவிடுவார். "முட்டி மடங்கவே கூடாது சார், அதுலதான் சூட்சுமமே இருக்கு." முக்காலியை விட்டு எழாமலே காலை நீட்டியும் காட்டுவார். எழுவதற்கும் அவருக்கும் அவ்வளவாக ஒத்துவராது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே உள்ள ஒரே ஒரு தெருவைக்கூட ஸ்கூட்டரில்தான் கடப்பார்.

அன்று காரில் வீடு திரும்பினார்கள். ஓட்டியது மனைவி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பதினெட்டு வருடமாக அடுத்தவர் செய்யும் தவறுகளைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தும் பதறாமலிருக்கப் பழகியவள்.

"பக்கத்து சீட்ல இருக்கிறவங்க ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. எங்க ஸ்கூல்ல இதுதாங்க முதல் நாள் பாடம்," என்றாள் பாதி வழியில்.

"ஏன், உன் பக்கமும் பெடல் வச்சிருக்காங்கல்ல?"

"வச்சிருக்காங்க. பிரேக் மட்டும்தான். ஆக்ஸிலரேட்டர் கிடையாது."

பின்சீட்டில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்த மாதிரி இருந்தது. அழுதிருக்கவும் கூடும். கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

ஆறு வாரத்தில் தேர்வுப் போட்டி. அதில் முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் பெரிய போட்டிக்குப் போவார்கள். மூன்றாவதாக வருகிறவள் அடுத்த வருடம் வரை கைதட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்குள் இரண்டு பயிற்சிப் பந்தயங்கள் இருந்தன.

மறுநாள் கோச் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கோச் ஒரு காலத்தில் தானே நடந்து மெடல் வாங்கிய அம்மாள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். கோபம் வந்தால் ஊதமாட்டார், கடிப்பார்.

"சார், உங்க பாசம் புரியுது. ஆனா ரூல் புக்ல பாசத்துக்குப் பக்கம் ஒதுக்கல. இனிமே பாதையோரம் கட்டியிருக்கிற கயித்துலேருந்து இருபது மீட்டர் தள்ளித்தான் நிக்கணும்."

"இருபதுதானே? இருபத்தொண்ணு நிக்கிறேன் மேடம்!"

சொன்னபடியே செய்தார். முதல் பயிற்சிப் பந்தயத்தன்று டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்து கத்தினால் மகளுக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனால் அவர் பார்வையை வைத்துப் பிழைப்பவர். கேட்காவிட்டால் என்ன, தெரியாமலா போய்விடும்? அவருக்குக் கடையிலிருந்து கொண்டுவந்த பைனாகுலர். மகளுக்குக் காட்ட மூன்று வண்ணத் துணி.

"சிவப்பு காட்டினா முட்டியைப் பார்த்துக்கோ. நீலம்னா முழங்கை. மஞ்சள்னா மூச்சு," என்று காலையிலேயே பாடம் எடுத்திருந்தார்.

"மூச்சுக்கு எதுக்குப்பா துணி? அது தானா வரும்."

"வராமப் போயிட்டா?"

நான்காவது சுற்றில் மகளின் இடது முட்டி லேசாக மடங்கியதை அவர் பைனாகுலரில் பார்த்தார். சாலைத் திருப்பத்தில் நின்றுகொண்டு சிவப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்து வீசு வீசென்று வீசினார்.

நடக்கும் பெண்களுக்கு முன்னால் வழிகாட்டியாக ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சிவப்பைப் பார்த்ததும் இரண்டு பிரேக்கையும் ஒருசேரப் பிடித்தார். அவர் பின்னால் வந்த ஒன்பது பெண்களும் ஒருத்தி முதுகில் ஒருத்தி மோதிக்கொண்டு நின்றார்கள்.

"யாருங்க உங்களை நிக்கச் சொன்னது?" என்று கோச் ஓடிவந்தார்.

"சிவப்பு காட்டினா நிக்காம என்னம்மா பண்றது? நான் முப்பது வருஷம் ரயில் ஓட்டினவன்," என்றார் சைக்கிள்காரர்.

மூன்று சுற்றுக்கு மேல் நடந்துவிட்டிருந்த பெண்களை மறுபடி முதலிலிருந்து நடக்கச் சொன்னார்கள். ஒன்பது பெண்களின் வீட்டாரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வானத்தில் பறவை தேடினார்.

"இருபது மீட்டர் இல்ல, இனிமே இருநூறு," என்றார் கோச்.

இருநூறு மீட்டர் தள்ளி நின்றால் பக்கத்துத் தெருவில்தான் நிற்க வேண்டும். அவர் யோசித்தார். வெளியில் நிற்கிறவனுக்குத்தானே இந்தத் தொல்லை? உள்ளே வேலை செய்கிறவனை யார் விரட்ட முடியும்? தொண்டு செய்ய ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, வழிகாட்டி சைக்கிள்காரரையே பிடித்துச் சிபாரிசு செய்யவைத்து, தண்ணீர் மேசையில் இடம் வாங்கிவிட்டார். விஷயம் தெரிந்தபோது கோச் விசிலைக் கடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒரே மாதிரி கொடுக்கணும். உங்க பொண்ணுன்னு தனிச் சலுகை காட்டக்கூடாது."

"மேடம், நான் பாரபட்சம் பார்க்கிற ஆளா?"

அதை நிரூபித்தே தீருவது என்று இறங்கினார். இரண்டாவது பயிற்சிப் பந்தயம் நல்ல வெயிலில் நடந்தது. ஒவ்வொரு பெண் வரும்போதும் கோப்பையை நீட்டி, "குடிம்மா, இன்னொண்ணு வச்சுக்கோ, தலையில ஊத்திக்கோ," என்று உபசரித்தார். மகளை முந்தத் துடிக்கும் உயரமான பெண் ஒருத்திக்கு மூன்று கோப்பை கொடுத்தார். பார்த்தவர்கள் அவரை அந்தப் பெண்ணின் அப்பா என்றே நினைத்திருப்பார்கள்.

அந்தச் சுற்றில் மகள் வந்தபோது மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மகள் கையை நீட்டிக்கொண்டே வந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவர் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பெற்ற மனம் கேட்குமா? தனக்கென்று கொண்டுவந்திருந்த பிளாஸ்கைத் திறந்து அப்படியே ஒரு கோப்பையில் ஊற்றி அவள் கையில் திணித்தார். அவள் நடந்தபடியே மடமடவென்று வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

"அப்பா! காப்பி!"

"சர்க்கரை கம்மிதான் கண்ணு!"

சுட்ட நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு மீதி இரண்டு சுற்றையும் நடந்து மூன்றாவதாக வந்தாள் மகள். மூன்று கோப்பை குடித்த உயரமான பெண்தான் முதலில் வந்தாள்.

அன்று சாயங்காலம் மகள் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, தேர்வுப் போட்டி அன்னிக்கு நீங்க வராதீங்கப்பா. ப்ளீஸ். கடையிலயே இருந்துடுங்க. நான் முடிச்ச உடனே போன் பண்றேன்."

"சரி கண்ணு," என்றார்.

சரி என்று சொல்லிவிட்டாரே தவிர, மனம் ஒரு நிலையில் இல்லை. மறுநாள் ஒரு வக்கீலின் கண்ணாடியில் வலது கண்ணுக்கானதை இடது பக்கமும் இடது கண்ணுக்கானதை வலது பக்கமும் பொருத்திக் கொடுத்தார். வக்கீல் கடைவாசல் வரை போய் அப்படியே திரும்பி வந்தார். "சார், படி ஒரு இடத்துல இருக்கு, என் கால் ஒரு இடத்துல இருக்கு."

சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினார். "நான் என்ன பண்ணக்கூடாததைப் பண்ணிட்டேன்? அவ நடந்தா என்னால சும்மா நிக்க முடியல. அவளுக்கு முட்டி வலிச்சா எனக்கு வலிக்குது. அவ தோத்துட்டு வந்தா எனக்குச் சோறு இறங்கல. இதெல்லாம் அவளுக்கு எங்க புரியப் போகுது?"

"புரியாமயா இருக்கும்? சாப்பிடுங்க," என்றாள் மனைவி.

மூன்று நாள் கழித்து மகள் காலணிக்குக் கயிறு மாற்றிக்கொண்டே அம்மாவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் பேப்பர் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு காதைக் கொடுத்திருந்தார்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேர்மா. பத்து சுத்தும் பேசிக்கிட்டேதான் நடந்தாங்க."

"அதுக்கு அட்டை கிடையாதா?"

"கயித்துக்கு உள்ள நடக்கிறவங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டா யாரும் ஒண்ணும் கேட்க முடியாதும்மா. வெளியில இருக்கிறவங்க கைகொடுக்க வந்தாத்தான் தப்பு." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, இந்தப் படிவத்தை நாளைக்குக் கோச்கிட்ட கொடுத்துடறீங்களா? எனக்கு ஸ்கூல் இருக்கு."

மறுநாள் படிவத்தோடு போய்க் கோச்சின் அறை வாசலில் காத்திருந்தபோதுதான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. தேர்வுப் போட்டியன்று, அதே பாதையில், அதே நேரத்தில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஒரு நடைப் பந்தயம். அதே ஐந்து கிலோமீட்டர்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பொறி தட்டியது.

கயிற்றுக்கு உள்ளே ஆளோடு ஆளாக நடந்தால்? அவள் வேகமாக நடப்பவள். இவரைத் திரும்பத் திரும்பக் கடந்து போவாள். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் காதில் ஒரு யோசனை சொல்லலாம். எந்த நடுவரும் அட்டை தூக்க முடியாது. இத்தனை நாள் இந்த மூளை எங்கே போயிருந்தது என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

"பேர் கொடுக்கிற தேதி முடிஞ்சுபோச்சே சார்," என்றார் கோச்.

"மேடம், பெரிய மனசு பண்ணணும். எப்படியாவது கடைசியில ஒரு மூலையில சேர்த்துடுங்க. நின்ன இடத்துலேருந்து கத்தமாட்டேன், துணி காட்டமாட்டேன், காப்பி கொண்டுவரமாட்டேன்."

"உங்களால அஞ்சு கிலோமீட்டர் நடக்க முடியுமா?"

"மூணு வாரம் இருக்கே!"

"பார்க்கிறேன். யாராவது வரலைன்னா உங்களைச் சேர்த்துக்கலாம்."

"ஆனா என் பொண்ணுக்கு இது தெரியவே கூடாது."

கோச் அவசரமாக விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். அது கீச்சென்று தானாக ஒரு சத்தம் போட்டது. "என் வாயால வராது சார்," என்றார்.

அன்றிலிருந்து கண்ணாடிக்கடைக்காரரின் ரகசிய வாழ்க்கை ஆரம்பமானது. புதிதாக வாங்கிய காலணியைக் கடையில், பழைய பிரேம்கள் போட்டுவைக்கும் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார். ஆள் இல்லாத நேரத்தில் மேசைக்குப் பின்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பழகினார். தெருவிலிருந்து பார்த்தால் இடுப்புக்கு மேலே மட்டும்தான் தெரியும். பக்கத்து மருந்துக்கடைக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு மாத்திரையோடு வந்தார்.

"வயித்துவலின்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இப்படியா நெளிஞ்சுகிட்டு நிப்பாங்க!"

அதற்கப்புறம் பயிற்சியைத் தெருவுக்கு மாற்றினார். ஸ்கூட்டரை எடுத்தால் நேரம் வீண் என்று அதைத் தொடவே இல்லை. முதல் வாரம் தெருமுனை வரை போவதற்குள் மூன்று இடத்தில் நின்று கடைப் பலகைகளைப் படிக்கிற மாதிரி மூச்சு வாங்கினார். இரண்டாவது வாரம் ஒரே ஒரு பலகை. மூன்றாவது வாரம் எந்தப் பலகையும் படிக்கவில்லை. முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காரைக்கூட முந்திக்கொண்டு போனார்.

அது டிரைவிங் ஸ்கூல் கார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

"மேடம், ஒருத்தர் நடந்தே நம்மளை ஓவர்டேக் பண்றார்," என்றாள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த நர்ஸ்.

"அவரைப் பார்க்காதீங்க. ரோட்டைப் பாருங்க," என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்தவள்.

சாயங்காலம் மனைவி ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள். "காலையில எங்க போயிட்டிருந்தீங்க?"

"கடைக்கு ஸ்க்ரூ வாங்க."

"அந்த வேகத்துலயா?"

"அவசர ஸ்க்ரூ."

மனைவி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு பொய் சொல்லி இவ்வளவு சுலபமாக அவர் தப்பித்ததே இல்லை.

தேர்வுப் போட்டியன்று காலை, கடையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லி எல்லோருக்கும் முன்னால் கிளம்பிப் போனார். அரை கிலோமீட்டர் வட்டம், இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. பத்துச் சுற்று. பெண்கள் முன்வரிசையில், ஐம்பதைத் தாண்டியவர்கள் ஐந்து பேர் பின்வரிசையில். கண்ணாடிக்கடைக்காரருக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் நின்றிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. வாய் நிறையச் சிரிப்பு.

"முதல் தடவையா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"சும்மா பொண்ணுக்குத் துணைக்கு வந்தேன்."

"பார்த்தாலே தெரியுது. கஷ்டமா இருந்தா பாதியில நின்னுடுங்க. தப்பே இல்ல."

பாதியில நின்னுடுங்க என்ற வார்த்தை எங்கோ போய்த் தைத்தது.

முன்வரிசையிலிருந்து மகள் எதேச்சையாகத் திரும்பினாள். "அப்பா! நீங்களா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பெருமையோடு தன் எண் துணியைத் தட்டிக்காட்டினார். அதற்குள் துப்பாக்கி வெடித்தது.

முதல் சுற்று முடிவதற்குள்ளேயே மகள் கண்ணுக்கு மறைந்துவிட்டாள். மூன்றாவது சுற்றில் அவர் காத்திருந்த தருணம் வந்தது. பின்னால் டக் டக் என்று அவளுடைய காலடிச் சத்தம். தயாரித்துவைத்திருந்த முதல் யோசனையை ஆரம்பித்தார்.

"கண்ணு, அந்த முழங்கையை மட்டும் கொஞ்சம்..."

அவள் போய்விட்டிருந்தாள். மீதி வாக்கியத்தை அவர் காற்றிடம் சொன்னார்.

அடுத்தமுறை சுருக்கமாகச் சொல்வது என்று முடிவெடுத்தார். அவள் பக்கத்தில் வந்ததும், "மூச்சு..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவருக்கே மூச்சில்லை.

"விடுங்கப்பா!" என்று சொல்லிவிட்டு அவள் கடந்து போனாள்.

அதற்குள் ஒரு நடுவர் அவருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். இடது முட்டி மடங்குகிறதாம். மூன்றாம் முறை மகள் கடந்தபோது அவர் வாயைத் திறக்கவே இல்லை. அவள்தான் சொன்னாள். "முட்டிப்பா, முட்டி! குதிகாலை முதல்ல வைங்க!" வைத்தார். ஆச்சரியமாக, நடை இலகுவானது. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது பத்தடி முன்னால் வெள்ளைத் தொப்பி ஆடிக்கொண்டிருந்தது.

பாதியில நின்னுடுங்க என்றாரே அந்த மனிதர்!

அந்த நொடியிலிருந்து கண்ணாடிக்கடைக்காரருக்கு உலகத்தில் அந்தத் தொப்பியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. எந்தப் பெண் முன்னால் போகிறாள், எந்தப் பெண் பின்தங்குகிறாள் என்பதெல்லாம் நினைவிலேயே இல்லை. எங்கோ கைதட்டல் கேட்டது. யார் பெயரையோ அறிவித்தார்கள். அவர் தொப்பியோடு இருந்த தூரத்தை எட்டடியாக்கினார். ஐந்தடியாக்கினார். தொப்பி திரும்பிப் பார்த்தது. பல் வரிசை தெரியவில்லை. சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

கடைசிச் சுற்றில் கயிற்றுக்கு வெளியே ஒரு குரல் கூடவே ஓடிவந்தது. "அப்பா, தோளை இறக்குங்க! கையை வீசுங்க! விடாதீங்கப்பா!" மகள்தான். அவள் பந்தயத்தை முடித்துவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு தண்ணீர்க் கோப்பை.

"பாப்பா, கயித்தைத் தாண்டக்கூடாது. வெளியாள் உதவி," என்று அதட்டினார் நடுவர்.

"வெளியாளா? அவர் எங்கப்பா சார்!"

"குடும்பமே இப்படித்தானா?" என்று நடுவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுபக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். பதினெட்டு வருடம் பதறாமல் உட்கார்ந்திருந்தவள், கயிறு அறுந்துவிடும்போலப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையில் கத்தினாள். "கியரை மாத்துங்க! டாப்ல போடுங்க! தொப்பியை ஓவர்டேக் பண்ணுங்க!"

கியரை மாற்றினார். எல்லைக்கோட்டில் அவர் நெஞ்சு முன்னால் போனதா, பல் டாக்டரின் தொப்பி முன்னால் போனதா என்று இரண்டு நடுவர்கள் கலந்து பேசினார்கள். நெஞ்சுதான் என்று தீர்ப்பானது. ஐந்து பேரில் நான்காவது இடம்.

பல் டாக்டர் இளைக்க இளைக்க வந்து கைகொடுத்தார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றார்.

"கட்டாயம்!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

அப்புறம்தான் சட்டென்று நினைவு வந்து மகள் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ? உன் பந்தயம் என்னாச்சு?"

"ரெண்டாவதுப்பா. செலக்ட் ஆயிட்டேன்."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே ஒரு குற்ற உணர்ச்சி. "அடடா, நான் பார்க்கலையே கண்ணு! இவ்வளவு நாள் காத்திருந்துட்டு, நீ ஜெயிச்சதைப் பார்க்காம விட்டுட்டேனே!"

"பரவாயில்லப்பா. நீங்க ஜெயிச்சதை நான் பார்த்தேன்ல," என்றாள் மகள். கோப்பைத் தண்ணீரில் நனைத்த துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். இந்தமுறை எந்த நடுவரும் அட்டை தூக்கவில்லை.

சான்றிதழ் எழுதும் மேசையில் வயதான அம்மாள் ஒருவர் உட்கார்ந்து, வரிசை வரிசையாகப் பெயர்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் கடைசியாகப் போய் நின்றார். மகளும் மனைவியும் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். காலெல்லாம் வலித்தது. ஆனால் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. நடந்ததையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும்போல இருந்தது.

"என் பேர் லிஸ்ட்ல எங்கயாவது அடியில இருக்கும், கொஞ்சம் தேடிப் பாருங்க," என்று குரலைத் தாழ்த்தினார். "கடைசி நேரத்துல என் மூளையை வச்சு உள்ள நுழைஞ்ச ஆள் நான். வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. பொண்ணு வராதீங்கன்னு சொல்லிட்டா. விட்டுடுவேனா? அவளையே ஏமாத்திட்டு வந்து நடந்துட்டேன்ல!"

அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பட்டியலைப் புரட்டினார். விரல் கீழே போகவில்லை, மேலே போனது.

"கடைசி நேரமா? உங்க பேர்தானே சார் முதல் பேர்! ரெண்டு மாசம் முன்னாடி, படிவம் கொடுக்க ஆரம்பிச்ச அன்னிக்கே உங்க பொண்ணு வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போச்சே! 'எங்கப்பாவை வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டார் ஆன்ட்டி, வராதீங்கன்னு சொன்னாத்தான் வருவார்'னு சொல்லிச்சு!"